வமிசாவளியும் வயிற்றுவாரும்

‘ஜீனியாலஜி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேராக நம்மவர் எழுதும் தமிழ்ச் சொற்கள் பல. வமிசாவளி, வமிசவரலாறு, குலமுறை, கால்வழி, கொடிவழி, வழிமரபு, பரம்பரை, தலைமுறை வரலாறு என அவை அடுக்கி வருவன. மாணவன் ஒருவன் இவற்றுள் எதனை எடுத்தாண்டாலும் ஆசிரியர் சரியென்றே மதிப்பெண் இடுவார். இடையிலுள்ள காற்புள்ளி எல்லாச் சொற்களையும் ஒரே வரிசையில், ஒரே தரத்தில் நிறுத்திவிடுகிறது. ஆனால் வாழ்க்கை அவ்வாறு நிறுத்தவில்லை. இச்சொற்கள் ஒவ்வொன்றும் சிலரை எண்ணுகின்றது. சிலரை எண்ணாமல் விடுகின்றது. எண்ணப்பட்டோர்க்கு நிலமும் முடியும் வாக்குரிமையும் கிட்டின. விடப்பட்டோர் வரலாற்றின் வெளியே நின்றனர். ஆதலின் இச்சொற்களின் ஆராய்ச்சியை நிகண்டு பயிலும் புலவர்க்கு மட்டும் உரியதென நாம் ஒதுக்கிவிட முடியாது.

இவ்வாராய்ச்சியைக் கிழக்கிலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில், மாவடிப்பள்ளி என்ற சிற்றூரில் நின்று தொடங்குவது பொருத்தமாகும். காரைதீவுப் பிரதேச செயலாளர் பிரிவில், வயல்கள் சூழ அமைந்த முஸ்லிம் கிராமம் அது. அண்டையில் உள்ள காரைதீவு விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த தமிழூர். மாவடிப்பள்ளி என்ற பெயரையே நோக்குக. மாமரத்தடியிலுள்ள பள்ளி என்று அது பொருள் விரிக்க இடந்தருகிறது. பள்ளி என்ற சொல் ஒருகாலத்தில் சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்தது. பின்னர்ப் பிள்ளைகள் பயிலும் இடத்தைக் குறித்தது. இன்று முஸ்லிம்களின் தொழுகைத் தலத்தையும் குறிக்கிறது. எந்த வமிசத்துச் சொல் அது என்று கேட்டு எவரும் அதனை வாசலில் நிறுத்தி வைக்கவில்லை. சொல்லுக்குக் காட்டிய இந்தப் பெருந்தன்மையை மனிதருக்குக் காட்ட நம் வரலாறு பெரும்பாலும் மறுத்தே வந்திருக்கிறது.

வமிசாவளி என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். ‘வம்சம்’ என்ற வடசொல்லின் முதற்பொருள் மூங்கில். ‘ஆவளி’ என்பது வரிசை. கணுவுக்கு மேல் கணுவாக நேரே உயரும் மூங்கிலைப் போலத் தந்தைக்குப்பின் மகன், மகனுக்குப்பின் பேரன் என ஒற்றைக்கோட்டில் ஏறும் வரிசையே வமிசாவளி. பக்கத்தில் படர்வதற்கு அதில் இடமில்லை. கொடிவழி என்ற தமிழ்ச்சொல் தரும் உருவம் வேறு. கொடி படரும், கிளைக்கும், ஒன்றையொன்று பின்னும். ஒரே பொருளின என்று நாம் கொள்ளும் இரு சொற்களுக்கிடையே எத்துணை வேறுபாடு!

மூங்கிலின் நேர்மை யாரால் காக்கப்பட்டது என்பதற்கு நம் தீவின் பழைய நூலே சான்று. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டளவில் பாளிமொழியில் எழுந்த மகாவம்சம் தன் பெயரிலேயே வம்சத்தைத் தாங்கியது. கரையிறங்கிய விசயனுக்கு உதவி, அவனுக்கு இரு மக்களைப் பெற்றுக் கொடுத்தவள் குவேனி. அவனோ முடிசூடுவதற்கு மதுரைப் பாண்டியனின் மகளை வேண்டினான், குவேனியை விலக்கினான். அவள் தன் இனத்தார் கையில் மாண்டாள். பிள்ளைகள் மலைநாட்டுக்கு ஓடி ஒளிந்தனர். வேடுவராகிய புளிந்தர் அவர் வழிவந்தோர் என்று நூல் சொல்லி, அவ்வளவோடு அவர்களை விட்டுவிடுகிறது. முதல் மனைவியும் முதல் மக்களும் காட்டுக்குப் போனபின்னரே வம்சம் தொடங்குகிறது. வமிசாவளி எழுதுவோர் சேர்க்கும் பெயர்களைவிட நீக்கும் பெயர்களே அதன் நோக்கத்தை நமக்குத் தெளிவாகச் சொல்கின்றன.

தமிழகத்தும் நிலை இதுவே. திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சோழர் மரபைச் சூரியனிலிருந்து தொடங்குகின்றன. சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் ‘இராச பாரம்பரியம்’ என்ற தனிப்பகுதி உண்டு. அந்நூலின் பாட்டுடைத்தலைவன் முதற்குலோத்துங்கன் யார்? தந்தை வழியில் அவன் வேங்கிநாட்டுக் கீழைச்சாளுக்கியன். முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்காதேவி அவன் தாய். 1070இல் அவன் சோழ அரியணை ஏறியது தாய்வழி உறவைக் கொண்டே. சூரியகுலத்து ஆண்மக்களின் நேர்வரிசை அறுந்த இடத்தில் ஒரு பெண்ணின் வயிறே அதனைப் பிணைத்தது. அரசுரிமைக்கு வேண்டியபோது தாய்வழி செல்லும், வேண்டாதபோது செல்லாது. நடுநிலை வரலாற்றுக் குறிப்பு என்று இதனை எவர் கூறுவர்? இது ஆட்சியுரிமைக்கு எழுதிய உறுதிப் பத்திரம். ‘நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக்கூடாது’ என்று பொதுமக்கள் சொல்லி வந்த பழமொழியில், இத்தகைய பத்திரங்களைப் பற்றி அவர்கள் கொண்ட ஐயமும் கலந்திருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

நிலத்துக்கும் வழிமரபுக்கும் உள்ள பிணைப்பை அந்நிய ஆட்சியாளரும் நன்கறிந்திருந்தனர். ஒல்லாந்தர் இலங்கையில் எழுதுவித்த தோம்புகளில் குடும்பத்தாரின் பெயர்களைக் கொண்ட தோம்பும் காணிகளைக் கொண்ட தோம்பும் ஒன்றையொன்று தழுவி நின்றன. யார் பிள்ளை என்பதும் எவர் காணி என்பதும் அங்கே ஒரே கேள்வியின் இரு பக்கங்கள். இன்று தமிழர் அனைவரும் வழங்கும் ‘வாரிசு’ என்ற சொல் இதற்கு மற்றொரு சான்று. அஃது அரபுமொழியினின்று வந்து, மதவேறுபாடின்றி எல்லார் வாயிலும் புழங்குகிறது. வழித்தோன்றல் என்ற பொருளில் அதனை நாம் ஆண்டாலும், அதன் அடியில் இருப்பது சொத்தைப் பெறும் உரிமையே.

நிற்க. முஸ்லிம் தமிழ் இலக்கியம் இத்துறையில் தேர்ந்த சொல் யாது? உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில், விலாதத்துக் காண்டத்தில், நபிபெருமானாரின் முன்னோரைக் கூறும் பகுதிக்குத் ‘தலைமுறைப் படலம்’ என்று பெயர். கம்பனின் பாலகாண்டத்தில் இராமனின் முன்னோரை விசுவாமித்திரன் எடுத்துரைக்கும் பகுதி ‘குலமுறை கிளத்து படலம்’. காவிய மரபை நன்கு அறிந்த உமறு, குலமுறை என்பதை விட்டுத் தலைமுறை என்பதைக் கொண்டார். குலம் ஒரு கூட்டத்தாரை மற்றவரினின்று பிரித்துக் காட்டும். தலைமுறையோ எல்லார்க்கும் பொதுவானது. அரசனுக்கும் தலைமுறை உண்டு; வயலில் அருவி வெட்டுபவனுக்கும் உண்டு. ஆதத்திலிருந்து தொடங்கும் வரிசையில் மனிதகுலம் முழுவதற்கும் மூதாதை ஒருவரே ஆதலின், குலப்பெருமைக்கு அங்கே அடிப்படை தளர்ந்துவிடுகிறது. சொல்லைத் தேர்வதில் ஒரு கவிஞன் கொள்ளும் சமுதாய நோக்கு இது என்று நாம் மதிக்கிறோம். எனினும் அப்படலத்தின் வரிசையும் ஆண்மக்களின் வரிசையே என்பதைச் சொல்லாது விடுதல் விமரிசன நேர்மையாகாது.

இஸ்லாமிய மரபிலேயே தாய்வழி எண்ணும் வாயில் இல்லாமலில்லை. ஈஸாநபியைத் திருக்குர்ஆன் மர்யமின் மகன் என்றே பெயர் சுட்டுகிறது. நபிபெருமானாரின் வழிவந்தோர் என்று உலகெங்கும் போற்றப்படும் செய்யிதுமார்கள் அவர் மகள் பாத்திமாவின் வழியினர்; மகன் வழியினர் அல்லர். ஆணாதிக்கம் மிகுந்த வரிசைகளும் முக்கியமான கணுவில் ஒரு பெண்ணை நம்பியே நிற்கின்றன.

இனிக் கல்முனைக் கரையோரத்துக்கு வருவோம். சம்மாந்துறை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் முஸ்லிம்களிடையேயும், அயலிலுள்ள தமிழர்களிடையேயும் ‘குடி’ என்ற அமைப்பு நெடுங்காலம் நிலவி வந்தது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். தந்தையின் குடியைச் சேராது. ஒரே குடியினர் தமக்குள் மணம் செய்வதில்லை என்பது விதி. நடைமுறையில் அது சிலவிடத்து நெகிழ்ந்ததும் உண்டு. குடிக்குள் அமைந்த சிறு கிளைக்கு ‘வயிற்றுவார்’ என்று பெயர். வயிற்றின் வழியே எண்ணப்படும் கிளை என்ற பொருளை இதைவிட வெளிப்படையாகக் கூறும் சொல் வேறு உளதோ? பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் மரைக்கார் ஒருவர் இருந்தார். கோயில்களில் தமிழர்க் குடிகளுக்கும் இதுபோன்ற பங்கும் முறையும் இருந்தன. எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தில் குடிகளும் அவற்றின் வரிசைகளும் பேசப்படுகின்றன. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து, இரு சமூகத்தாரின் குடிமுறைகளையும் 2008இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதினார்.

அன்றாட வாழ்வில் இது கண்கூடு. பெயர்முன் இடும் எழுத்து தந்தையுடையது, குடியோ தாயுடையது. மணமான பின் மகன் மனைவியின் வீட்டுக்குப் போவான். மகள் பிறந்த மண்ணிலேயே இருப்பாள். பெற்றோர் கட்டிய வீடும், வசதியிருந்தால் வயலும், சீதனமாக அவளுக்கே போகும். இவ்வாறு ஒரே மனிதன் இரண்டு கணக்கில் வாழ்கிறான். வமிசாவளி என்ற ஒற்றைச் சொல்லைக் கொண்டு அவனை விளக்க முற்படுவோர் அவன் வாழ்வின் பாதியை இழந்துவிடுவர். இந்தப் பாதியைக் குறிக்கும் ‘வயிற்றுவார்’ என்ற சொல், வழிமரபைக் குறிக்க நம் ஏட்டுத்தமிழ் வழக்கமாக எடுத்தாளும் சொற்களின் வரிசையில் இடம்பெறவில்லை. வட்டார வழக்கென்று அது ஒதுங்கிக் கிடக்கிறது. வடசொல்லுக்கு ஏட்டில் இடமுண்டு; வயலோரத்து உம்மாவின் சொல்லுக்கு இல்லை. இதுவும் ஒரு வர்க்கநிலையே.

இச்சொல்லை ஏட்டில் ஏற்றாததன் விளைவு என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கொழும்பில் நடந்த ஒரு வாதத்தை நினைவிற் கொள்வோம். பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் இலங்கைச் சோனகரின் இனவரலாறு பற்றிக் கட்டுரை படித்து, அவர்கள் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த காலம் அது. 1889இல் முஸ்லிம் உறுப்பினர் ஒருவர் தனியே நியமிக்கப்பட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு மறுப்பு எழுதி, சோனகரின் அரபு வமிசாவளியை நிலைநாட்ட முற்பட்டார். இருவரும் கல்விமான்கள், இருவர் பின்னாலும் நகரத்து உயர்குடியினரின் நலன்கள் நின்றன. வந்த தந்தையர் எந்த நாட்டினர் என்பதே வாதத்தின் முதன்மை வினாவாயிற்று. அவர்களை மணந்து, இம்மண்ணின் மொழியைப் பிள்ளைகளுக்கு ஊட்டிய பெண்கள் அவ்வாதத்தில் சான்றாக வந்தனர், மூதாதையராக வரவில்லை. இரு சமூகத்தாரும் வயல்வரம்பைப் பகிர்ந்து, ஒரேவகைக் குடிமுறையில் வாழ்ந்த கிழக்குக்கரையின் குரல் அங்கே ஒலித்திருந்தால் கேள்வியே வேறாக அமைந்திருக்கும்.

கிழக்கின் செவிவழிக் கதையொன்று இதற்கு விடைபோல் அமைந்திருக்கிறது. திமிலரோடு நடந்த போரில் முக்குவருக்கு முஸ்லிம்கள் துணைநின்றனர் என்றும், கைம்மாறாக முக்குவர் தம் பெண்களை அவர்களுக்கு மணமுடித்துக் கொடுத்தனர் என்றும், குடிமுறை அப்பெண்களோடு வந்தது என்றும் அது கூறும். கதையின் ஒவ்வொரு செய்தியையும் வரலாறென்று நாம் கொள்ளவேண்டியதில்லை. ஆனால் தாய் வழியே இரு சமூகங்களும் உறவினர் என்ற நினைவை மக்கள் பேணினர் என்பது உண்மை. 1990ஆம் ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அவ்வியக்கத்தாலேயே வெளியேற்றப்பட்டனர். ‘நீ யார் வழி வந்தவன்?’ என்ற வினா துப்பாக்கி முனையில் கேட்கப்பட்ட காலம் அது. தாயின் உறவைச் சுட்டும் சொல் மக்கள் வாயில் மட்டும் நின்று, ஏட்டிலும் அரசியலிலும் ஏறாது போனதன் இழப்பை அப்போது நாம் கண்டோம்.

வமிசாவளி என்ற சொல் சட்டமாகிய வரலாறு இதனினும் கொடியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ‘வமிசாவழிப் பிரசை’ என்ற பகுப்பை ஏற்படுத்தியது. இலங்கையில் பிறந்த ஒருவர் அவ்வுரிமை பெறத் தம் தந்தை இலங்கையில் பிறந்தவர் என்று காட்டவேண்டும். அன்றேல் தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இங்கு பிறந்தவர் என்று காட்டவேண்டும். மண உறவிற் பிறந்தார்க்குத் தாயின் பிறப்பிடம் கணக்கில் கொள்ளப்படவில்லை. தேயிலை மலையின் லயத்தில் பிறந்து, கொழுந்து கிள்ளி, அங்கேயே மடிந்த பெண்கள் எத்தனை தலைமுறையினராயினும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் வமிசம் ஆகவில்லை. பாட்டனின் பிறப்புச் சான்றிதழுக்குத் தோட்டத்துத் தொழிலாளி எங்கே போவான்? ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் நாடற்றோராயினர். அடுத்து அவர்களின் வாக்குரிமையும் போயிற்று. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைச் சரக்கைப் பங்கிடுவது போலப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசலாம் என்று முடிவு. இரு நாடுகளும் அம்மக்களைக் கேட்கவில்லை. தாயின் வழியாகவும் பிரசாவுரிமை பெறலாம் என்று சட்டம் திருந்துவதற்கு 2003ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. ‘இந்திய வமிசாவளித் தமிழர்’ என்ற பெயர் தம்மேல் இடப்பட்டதை மறுத்து, ‘மலையகத் தமிழர்’ என்று அம்மக்கள் தம்மைக் கூறிக்கொள்வது வெறும் பெயர்மாற்றம் ஆகாது. எவர் வழி வந்தோம் என்பதை விட்டு, எங்கே உழைத்தோம் என்பதை உரிமையின் அடிப்படையாக வைக்கும் செயல் அது.

இத்துணையும் கூறியதனால், குடிமுறையை நாம் பொற்காலமாகக் காட்டுகிறோம் என்று எவரும் எண்ணற்க. மோர்கன் 1877இலும், அவர் வழியில் எங்கெல்ஸ் 1884இலும், தாயுரிமையின் வீழ்ச்சியைத் தனிச்சொத்தின் எழுச்சியோடு இணைத்துக் காட்டினர். அதனைப் படித்த ஆர்வத்தில், தாய்வழி எண்ணும் இடமெல்லாம் பெண்ணாட்சி நிலவியது என்று நம்மவருட் சிலர் பேசுவதுண்டு. மட்டக்களப்பின் பழைய முக்குவர் சட்டத்தைப் பாருங்கள். முதுசொம் தாய்வழியே சென்றது உண்மை. ஆனால் அது சென்று சேர்ந்தது மாமனிடமிருந்து மருமகனிடம். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தோடு அது வழக்கொழிந்தது. குடியின் பெயர் பெண்ணுடையது. மரைக்கார் பதவி ஆணுடையது. குடிகளுக்குள் உயர்வுதாழ்வு இருந்தது. மேலே நின்றோர் போடியார். வயலில் நின்றோர் கூலிகள். கூலியின் வழிமரபை எந்த ஏட்டுச்சுவடியும் எழுதி வைக்கவில்லை. சீதனமோ, பெண்ணுக்குக் கூரை தரும் அதே கையால், பல பெண்களைப் பெற்ற ஏழைத் தந்தையின் முதுகை ஒடித்தது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணப்பதிவில் மணமகளின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. எவள் வயிற்றின் வழியே ஊர் முழுவதும் குடி எண்ணுகிறதோ, அவள் தன் மணத்துக்கே கையெழுத்திடத் தேவையில்லை! சொல்லில் கிடைத்த மதிப்பு வாழ்வில் தானாகக் கிடைத்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆயினும் அச்சொல் வீணன்று. குடி என்ற வேரிலிருந்தே குடியானவன் வந்தான், குடிமக்கள் வந்தனர், குடியுரிமையும் குடியரசும் வந்தன. வீட்டையும் குடும்பத்தையும் ஊரையும் உழவையும் குறித்த ஒரு பழஞ்சொல், நாட்டின்மேல் மக்களுக்குள்ள உரிமையைக் குறிக்கும் அளவுக்கு வளர்ந்தது. மாவடிப்பள்ளியைச் சூழ்ந்த கரையோரத்தில் அதே சொல் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. குடியுரிமை என்று எழுதும்போது அந்தத் தாயையும் வயலில் உழைப்பவனையும் சேர்த்தெண்ணினால் சொல்லுக்கு நாம் நேர்மை செய்தவராவோம். மூங்கில்போல் ஒரே கோட்டில் எண்ணினால் 1948இன் அநீதியை மீண்டும் செய்தவராவோம்.

எழுத்தாளரிடமும் ஆசிரியரிடமும் நாம் வேண்டுவது பெரிதன்று. பாடசாலைகளில் குடும்ப மரம் வரையும் பயிற்சி பிள்ளைகளுக்குத் தரப்படுகிறது. மேலே பாட்டன், கீழே தந்தை, அடியில் மகன் என்று கரும்பலகையில் கோடிழுப்பதோடு அது முடிந்துவிடக்கூடாது. உம்மாவின் உம்மா யார், அவர் எந்தக் குடி, எந்த வயலில் நாற்று நட்டார், எந்த வீட்டில் நெல் குற்றினார் என்று பிள்ளைகள் கேட்டு வரட்டும். குடிப்பெயர் அறியாத பிள்ளையும், பிற ஊரிலிருந்து வந்து குடியேறிய வீட்டுப் பிள்ளையும் வகுப்பில் தாழ்வுறாதபடி, தலைமுறைகள் செய்த தொழில்களும் அம்மரத்தில் எழுதப்படட்டும். நம் நாவலாசிரியர்களும் போடியார் வீட்டுப் பரம்பரைக் கதைகளோடு நில்லாது, அந்த வீட்டின் களத்தில் சூடுமிதித்தவரின் தலைமுறைகளையும் எழுதட்டும். அகராதி தொகுப்போர் ‘வயிற்றுவார்’ என்ற சொல்லை வமிசாவளிக்குப் பக்கத்தில் ஏற்றட்டும். ஆனால் இரண்டும் ஒன்றென்று காற்புள்ளியிட்டுக் கடந்துவிட வேண்டாம். ஒவ்வொன்றும் யாரை எண்ணுகிறது, யாரை விடுகிறது என்று ஒரு வரி சேர்த்து எழுதட்டும்.